பின் சீட்டுக்கு அடியில் ஒரு ஊளை

அல் ஐனிலிருந்து துபாய் போகும் வழியில், ஆகஸ்ட் மாத நடுப்பகலில், பின் சீட்டுக்கு அடியில் ஏதோ ஊளையிட்டது. அதற்கு நேர் மேலே, குழந்தை சீட்டில், எங்கள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நடக்கக்கூடப் பழகாத பிள்ளை. பக்கத்தில் நான்.

“பின்னால என்னமோ ஊளையிடுதே, கேக்கலியா?”

“ரோட்டுச் சத்தமா இருக்கும்,” என்றார் ஓட்டிக்கொண்டிருந்த கணவர்.

பெட்ரோல் முள் அடியில் படுத்துக் கிடந்தது. மாதக் கடைசி. இங்கே ஒன்றாம் தேதிதான் பெட்ரோல் விலை மாறும். குறையப்போகிறது என்று போனில் செய்தி வந்துவிட்டால் போதும், டேங்கை நிரப்ப என் மகராசனுக்குக் கை வராது. எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் இப்படித்தான்.

வேகம் கூட்டியபோது வண்டி திக்கியது. ஊளை நின்றது, இன்ஜின் நின்றது, ஏசியும் நின்றது. ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. போன் செய்தால், கட்டி இழுத்துப் போகும் ரிக்கவரி வண்டி வர நேரமாகுமாம்.

கதவைத் திறந்தால் அனல் காற்று. மகள் விழித்து அழுதாள். துண்டை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கிவிட்டது.

“தூங்கிட்டா போல,” என்றார் அவர்.

நான் நர்ஸ். அழுகிற குழந்தையைப் பார்த்து ஒருநாளும் பயந்ததில்லை. பயந்தது இந்த அமைதியைப் பார்த்துத்தான்; இது தூக்கமில்லை. அவள் உடம்பு கொதித்தது, தலை என் தோளில் துவண்டது. எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று எனக்குத் தெரியும். அதை நினைக்கவே பயமாக இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே ஓடினேன்.

ஒரு பிக்கப் நின்றது. “பாபி, ஜல்தி,” அண்ணி, சீக்கிரம் என்று இந்தியில் அவசரப்படுத்தி, பாகிஸ்தான்காரப் பட்டான் டிரைவர் கதவைத் திறந்து, ஏசியை முழுக்க வைத்தார். ஈரத்துணியோடு அவளை அதன் முன்னால் பிடித்தேன். வெகுநேரம் கழித்து வாயைத் திறந்து வீறிட்டாள். நானும் சேர்ந்து அழுதேன்.

“பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளுற பம்பு எரிஞ்சுபோச்சு. அது பின் சீட்டுக்கு அடியில, டேங்குக்குள்ளதான் இருக்கு. சுத்திப் பெட்ரோல் இருந்தாத்தான் சூடாகாது. கால் டேங்குக்குக் கீழ விடாதீங்க. ஊளையிட்டா அன்னிக்கே காட்டிடணும்,” என்றார்கள் கராஜில்.

இப்போது சாவியைத் திருப்பியதும் புதுப் பம்ப் மெல்ல முனகும். கணவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டுத் தலையாட்டுவார். எனக்கு அது போதாது. தூங்குகிற மகளின் தொடையில் மெல்லக் கிள்ளுவேன். அவள் அழுத பிறகுதான் வண்டி கிளம்பும்.