பாடத் தேவையில்லாத பிள்ளை

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புலம்பெயர்ந்து லின்ஃபீல்ட் என்ற புறநகரில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஆறு. நகரத்து அரங்கில் வரவிருந்த ஓர் ஓபரா இசைநாடகத்தில் கதாநாயகியின் குழந்தையாக நிற்க ஒரு பிள்ளை வேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் கடிதம் தந்தார்கள். அம்மா இருவரையும் கூட்டிப் போனார். தேவாலயத்தில் தனியாகப் பாடுகிறவள் நான். தங்கைக்கு ஒரு வரிகூடச் சுருதியில் நிற்காது.

தேர்வு செய்த பெண் என் பாட்டைக் கேட்கவே இல்லை. தங்கையைத் தூக்கிப் பார்த்தார், பாரம் சரி என்றார்.

"எனக்குப் பாட வரும் எண்டு சொல்லுங்கோ, அம்மா."

"நாடகத்தில வாற அந்தப் பிள்ளை பாடுறேல்லையாம். சும்மா நிக்கிறதாம்."

ஒத்திகைகளின்போது நான் பின்வரிசையில் வீட்டுப்பாடம் செய்தேன். கதாநாயகியாக நடித்த பாடகி ஒவ்வொரு முறையும் தங்கையை மடியில் வைத்துத் தலையைத் தடவிப் பாடினார். கதாநாயகி குழந்தையிடம் விடைபெற்று, தன்னைக் குத்திக்கொள்ளக் கத்தியை எடுக்கிற இடம் அது. மொழி தெரியாமலே அந்தப் பாட்டு முழுவதும் எனக்கு மனப்பாடமானது. மடியிலிருந்தவள் மூக்கு நோண்டிக்கொண்டிருந்தாள்.

முதல் காட்சி ஒரு பிற்பகல். உடை மாற்றும் அறையில் அம்மா இல்லாத நேரம் பார்த்து அவள் காதில் சொன்னேன்: "அந்த ஆன்ட்டியின்ர கத்தி உண்மைக் கத்தி. இண்டைக்கு உன்னைக் குத்திப்போடுவா."

"யூ ஆர் லையிங்," என்றாள்.

மேடைக்குப் போகமாட்டேன் என்று அழுவாள் என எதிர்பார்த்தேன். போனாள். பாடகி கத்தியை எடுத்ததும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். பாடகி ஒரு கணம் திகைத்து, பிறகு அவளை இறுக்கி அணைத்தபடியே பாடினார். இருக்கைகளில் என்னைச் சுற்றியிருந்தவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். அம்மாவும் அழுதார். நான் பாடி அம்மா ஒருநாளும் அழுததில்லை.

"என்ன நடிப்பு!" என்று எல்லோரும் அவளைத் தூக்கிக் கொஞ்சினார்கள்.

காரில் என்னால் தாங்க முடியவில்லை. "அவள் நடிக்கேல்லை, அம்மா. நான்தான் வெருட்டினனான்."

"ஏன் பிள்ளை?"

"எல்லாரும் அவளைத்தானே பாக்கினம்."

அம்மா என்னை ஏசவில்லை. அடுத்த காட்சிக்கு முன் பாடகியிடம் கேட்டு, கத்தியைத் தங்கையின் கையில் கொடுக்கச் செய்தார். வெள்ளி நிறம் பூசிய மரத்துண்டு. தங்கை அதை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துச் சிரித்தாள். அதன்பின் அவள் மேடையில் அழவில்லை, சொன்னபடி சும்மா நின்றாள். கைக்குட்டைகளும் குறைந்தன. எனக்கு அதில் சந்தோஷம்தான், வெட்கமும்தான்.

ஆனால் மிச்சக் காட்சிகள் எல்லாவற்றுக்கும் அரங்கின் பின்வாசலில், அதுவரை பிடித்து வந்த என் கையை அவள் பிடிக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.