மாடிப்படி என்ற நாலு பேர்

ஹம்சினி டிரம்மின் தோலை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு திருகைக் கால் சுற்று முறுக்க வேண்டும், அடுத்து அதற்கு நேர் எதிரே இருக்கும் திருகை. பக்கத்துத் திருகுக்குப் போனால் தோல் கோணிக்கொள்ளும். ஒவ்வொரு முறுக்குக்கும் விரலால் ஒரு தட்டு. தட்டிவிட்டு, சத்தத்தைக் கேட்காமல், தன் வலது கட்டைவிரலையே பார்த்தாள். அது தானாகத் துள்ளுகிறதா என்று பார்த்தாள். துள்ளவில்லை.

வங்காளத்துப் பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் கார் நிறுத்தும் அறை அது. காற்று வராது. வாரத்துக்கு மூன்று மாலை அங்கேதான் ஒத்திகை. வெளியே பூஜைப் பந்தலில் மூங்கில் கட்டி முடித்து, டாக் மேளத்தை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நவராத்திரிச் சப்தமிக்கு இன்னும் இரண்டு நாள்.

அவளுக்கு வயது இருபத்தைந்து. ஊர் விருதுநகர். திருச்சியில் பொறியியல் படித்தபோது விடுதி மெஸ்ஸில் தட்டுகளை அடித்துப் பழகியவள், கடைசி வருஷம் கல்லூரிக் குழுவில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வேலை கிடைத்து நியூ டவுனுக்கு வந்து இரண்டு வருஷம். அதே அலுவலகத்தில் அபிநவ், சிபி இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ராகுல் பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தாத்தாவின் அப்பா காலத்திலேயே அந்தத் தமிழ்க் குடும்பம் இங்கே வந்துவிட்டது. நாலு பேரும் முதலில் அலுவலகத்தின் அவசர வழிப் படிக்கட்டில் உட்கார்ந்து பாடினார்கள். அதனால் குழுவுக்குப் பெயர் ‘மாடிப்படி’.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். ஆள் மாற்று கிடையாது. போன வருஷம் சிபிக்கு டெங்கு வந்தபோது, நல்ல மேடை ஒன்றை வேண்டாம் என்று விட்டார்கள். நாலு பேர் இருந்தால் மேடை, இல்லாவிட்டால் வீடு.

இந்தச் சட்டம்தான் மூன்று வாரமாக ஹம்சினியைத் தூங்கவிடாமல் செய்தது. தூங்காமல் இருப்பது அவளுக்கு இப்போது ஆபத்து.

மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவள் படுக்கையறைத் தரையில் கண் விழித்தாள். நாக்கு கடிபட்டிருந்தது. உடை ஈரம். அதே வீட்டில் கூடத் தங்கியிருந்த பெண் ஊருக்குப் போயிருந்தாள். அதற்கு முன்பே சில மாதங்களாகக் காலையில் கை வெடுக்கென்று துள்ளிக் காபி சிந்தும். வாசித்து வாசித்து வந்த வலி என்று விட்டுவிட்டாள். நரம்பு டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். தலையில் கம்பிகளை ஒட்டி, கண் முன்னால் விளக்கை மின்னவிட்டுச் சோதித்தார்கள். திரையில் கோடுகள் எகிறின. சோதனை செய்த பெண் சட்டென்று விளக்கை அணைத்தாள்.

டாக்டர் சொன்ன பெயர் எபிலெப்சி. அது என்னவோ மென்பொருள் பெயர் மாதிரி இருந்தது. வெளியே வந்து, காக்காய் வலிப்பு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோதுதான் அது நோய் என்று உறைத்தது. மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு. தூக்கம் கெடக் கூடாது. மின்னி மின்னி எரியும் விளக்குப் பக்கம் போகக் கூடாது. மேடை ஏறலாமா என்று அவள் கேட்டாள். விளக்கு மின்னாமல் இருந்தால், கூட இருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தால், ஏறலாம் என்றார்.

கூட இருப்பவர்களுக்குச் சொன்னால் ஒன்று நாலு பேருக்கும் மேடை போகும், இல்லாவிட்டால் சட்டம் மாறி அவள் இடம் போகும். சொல்லாவிட்டால் சப்தமி மேடையில் நானூறு பேர் முன்னால் விழலாம். அவள் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கும்தான்.

அன்று ஒத்திகைக்கு நடுவே சிபியும் அபிநவும் போஸ்டருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சப்தமி மாலை பவானிபூரில் தமிழ்ச் சங்கத்து மண்டபத்தில் நிகழ்ச்சி. செயலாளர் போஸ்டர் வாசகம் கேட்டிருந்தார். அபிநவ் எழுதியது: ‘மாடிப்படி பாடுகிறது.’

“படிக்கட்டு பாடுதாடா?” என்றான் சிபி. பாடுபவன் அவன்தான். “நாலு பேர் இருக்கோம். பாடுகிறார்கள்னு போடு.”

“பேர் ஒண்ணு, குழு ஒண்ணு. கம்பெனி சம்பளம் போட்டுச்சுன்னுதானே சொல்ற?”

“போட்டாங்கன்னு சொல்லுவேன். போடலைன்னாதான் ‘போடல சனியன்’னு ஒருமைக்கு வருவேன்.”

ராகுல் கிடார் கம்பியைத் துடைத்தபடி, “பாங்ளால இந்தத் தலைவலியே கிடையாது. ஒருத்தன் பாடினாலும் நாலு பேர் பாடினாலும் ரெண்டுக்கும் ‘காய்பே’தான்” என்றான்.

“நீ பேசாத. உனக்குத் தெரிஞ்ச தமிழே ‘சாப்டாச்சா’தான்,” என்றான் சிபி.

“விளையாடல சிபி,” என்றான் அபிநவ். பேஸ் கிடார் வாசிப்பதோடு, நிகழ்ச்சி பேசுவதும் கடிதம் எழுதுவதும் அவன் வேலை. “குழுன்னா அது தனியா ஒண்ணு. நாளைக்கே நீ அமெரிக்கா போனாலும் மாடிப்படி இருக்கும். ஒரு படி உடைஞ்சா மாத்திக்கிறதுதான்.”

யாரையும் மனதில் வைத்து அவன் அதைச் சொல்லவில்லை. ஹம்சினி மட்டும் முறுக்கிய திருகையே மறுபடி முறுக்கினாள்.

அபிநவ் அடுத்த செய்தியைச் சொன்னான். “இன்னொண்ணு. மூணாவது பாட்டுல டிரம்ஸ் தனியா வர்ற இடத்துல, மண்டபத்தையே இருட்டாக்கி வெட்டு வெட்டா லைட் போடச் சொல்லிருக்கேன். சும்மா மின்னும் பாரு.”

“அது வேண்டாம்,” என்றாள் ஹம்சினி.

“ஏன்? உன் பகுதிதானே அது?”

“வேண்டாம்னா வேண்டாம்டா.”

“காரணம் சொல்லு.”

அவள் திருகுச் சாவியைக் கீழே வைத்தாள். ஒரே மூச்சில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தரை, நாக்கு, மாத்திரை, விளக்கு.

சிபி ஓரடி பின்னால் போனான். போனது அவனுக்கே தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. இதற்குத்தான் அவள் பயந்தாள். விழுவதைவிட இதற்குத்தான்.

அபிநவ் கைப்பேசியைத் தேய்த்தான். பிறகு, “ஒண்ணு பண்ணலாம். ஒத்திகையில உன் டிரம்ஸ் எல்லாம் தனித்தனியாப் பதிவாகியிருக்கு. லேப்டாப்ல போட்டுடலாம். வாசிச்சது நீதானே? உன் கைதானே? நீ மட்டும் மேடையில இருக்க மாட்ட. உன் நல்லதுக்குத்தான் ஹம்சினி” என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு சீக்கிரம் வழி கண்டுபிடித்துவிட்டான் என்பதுதான் அவளைக் குத்தியது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“சிபிக்கு டெங்கு வந்தப்போ அவன் பாட்டையும் லேப்டாப்ல போட்டிருக்கலாமே?” என்றான் ராகுல்.

“அது வேற.”

“என்ன வேற?”

 சுவரோரம் நின்ற சிபி குறுக்கிட்டான். 

“சரி, விழுந்தா நாங்க என்ன செய்யணும்? அதச் சொல்லு. தெரியாததுதான் பயமா இருக்கு.”

அவள் நிமிர்ந்தாள். “பிடிச்சு அமுக்கக் கூடாது. சுத்தி இருக்கிற இரும்ப நகர்த்தணும். தலைக்குக் கீழ ஏதாவது மெத்துனு வைக்கணும். உதறல் நின்னதும் ஒரு பக்கமாப் புரட்டிப் படுக்க வைக்கணும். மணி பாக்கணும். அஞ்சு நிமிஷத்தத் தாண்டினா ஆம்புலன்ஸ். வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது, தண்ணிகூட.”

“எங்க ஊர்ல இரும்புச் சாவியக் கையில திணிப்பாங்க.”

“திணிச்சுப் பாரு. எந்திரிச்சதும் முதல் அடி உனக்குத்தான்.”

சிபி சிரித்தான். சிரிப்பிலும் பயம் போகவில்லை. அவள் பாயை விரித்துப் படுத்தாள். மூன்று பேரும் மாறி மாறி அவளைப் புரட்டிப் பழகினார்கள். இரும்பை நகர்த்துவது ராகுல், மணி அபிநவ், தலை சிபி. அபிநவ் விளக்குக்காரனுக்குப் போன் போட்டு மின்னல் விளக்கு வேண்டாம் என்றான். போஸ்டர் விஷயத்தை எல்லோரும் மறந்தே போனார்கள். செயலாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘மாடிப்படி: இன்னிசை, மாலை ஆறு மணி’ என்று தானே அச்சடித்துவிட்டார்.

சப்தமி மாலை மண்டபம் நிறைந்தது. முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் ஹம்சினியின் உள்ளங்கை வியர்த்துக் குச்சி வழுக்கியது. மூன்றாவதில் டிரம்ஸ் தனியாக வரும் இடம். மண்டபம் இருண்டது.

இருள வேண்டியதே இல்லை. விளக்குக்காரன் சாப்பிடப் போயிருந்தான். அவன் இடத்தில் உட்கார்ந்தவரிடம் இருந்தது மின்னல் விளக்கை நீக்காத பழைய குறிப்பு. வெள்ளை விளக்கு மின்னத் தொடங்கியது. வெட்டு, வெட்டு, வெட்டு.

கண்ணை மூடினாள். இமை வழியாகவும் வெளிச்சம் குத்தியது. கட்டைவிரல் துள்ளியது, இடது குச்சி பறந்தது. டாக்டர் சொல்லியிருந்தார்: மாட்டிக்கொண்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தி மூடு, முகத்தைத் திருப்பு. இடது கையால் கண்ணைப் பொத்தி, முகத்தைத் தோளில் புதைத்து, வலது கையால் மட்டும் அடித்தாள். ஏன் நிறுத்தவில்லை என்று அவளுக்கே தெரியாது. நிறுத்தினால் அது வந்துவிடும் என்று தோன்றியது.

அபிநவ் கிடாரைக் கழற்றித் தரையில் போட்டான். விலையுயர்ந்த பேஸ் கிடார். தரையில் மோதி ஒலிபெருக்கி அலறியது. மேடையிலிருந்து குதித்து, நாற்காலிகளை இடித்துக்கொண்டு விளக்குப் பெட்டியை நோக்கி ஓடினான். ராகுல் வாசித்தபடியே வந்து, விளக்குக்கும் அவளுக்கும் நடுவே முதுகைக் காட்டி நின்றான். அவனுடைய நிழல் அவள்மேல் விழுந்தது. சிபி பாட வேண்டிய இடமே இல்லை. இருந்தாலும் பாடினான், முதல் பாட்டின் வரியை, திரும்பத் திரும்ப. பாடிக்கொண்டே பின்னால் நகர்ந்து அவள் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இந்தத் தடவை அவன் பின்வாங்கியது அவளை நோக்கி.

விளக்கு நின்றது. இருபது நொடி இருக்கலாம். மஞ்சள் வெளிச்சம் வந்தது. அபிநவ் மூச்சிரைக்க மேடைக்குத் திரும்பினான். அவள் விழவில்லை. ஆனால் விழப்போகிறோம் என்ற பயம் கடைசிப் பாட்டு முடியும் வரைக்கும் பிடரியிலேயே உட்கார்ந்திருந்தது. முடிவில் சபை எழுந்து கை தட்டியது. எல்லாம் திட்டமிட்டுச் செய்தது என்று நினைத்துக்கொண்டார்கள். அபிநவ் அவளிடம் வந்து, முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

“எட்டாகப் போகுது. மாத்திரை எங்க?” என்றான்.

மறுநாள் அஷ்டமி. தெருவெல்லாம் பெண்கள் புதுப் புடவையில், பந்தலில் பூப்போட்டு அஞ்சலி செய்யப் போய்க்கொண்டிருந்தார்கள். ராகுல் ஸ்க்ரூடிரைவரோடு நியூ டவுன் வந்து, அவள் உள்ளே விழுந்தால் கதவைத் திறக்க முடியாமல் போகக் கூடாது என்று, குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினான். நாலு திருகு, ஐந்து நிமிஷ வேலை. அவன் அதைச் செய்யும்போது ஹம்சினி எதிர் வீட்டு மணியை அடித்தாள். இரண்டு வருஷமாக லிஃப்டில் ‘பௌதி’, அதாவது அண்ணி, என்று சிரித்ததோடு சரி, அந்த வீட்டுக்காரியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. கதவு திறந்ததும் தன் வீட்டு மாற்றுச் சாவியை நீட்டி, என்ன நோய், விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தனக்குத் தெரிந்த வங்காள மொழியில் சொன்னாள். பௌதி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்து, முதலிலிருந்து மெதுவாகச் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றாள்.