ஆபரேட்டர் வேதமணியின் தீப் பாடம்

இறுகச் சுருட்டிய பிலிம் துண்டில் குச்சியைக் கிழித்து வைக்கிறார் வேதமணி. அது சீறிப் பற்றியதும் இடுக்கியால் பிடித்து வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துகிறார். தண்ணீருக்கு அடியிலும் அது எரிகிறது. சுற்றி நிற்பவர்கள் நூறு தடவை பார்த்த காட்சிதான். இருந்தாலும் ஒருவரும் கண்ணை எடுப்பதில்லை. "தண்ணிக்கு அடங்குதா? அடங்கலைல்ல. அப்ப வாளியத் தூக்கிட்டு வீரம் காட்டாதிய. மொதல்ல சனத்த வெளிய அனுப்புங்க," என்கிறார்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையோரக் கீற்றுக் கொட்டகையில் அவர் ஆபரேட்டர். படம் ஓட்டுவது சம்பளத்துக்கு. ஆட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நடத்தும் இந்தப் பாடம் மனசுக்கு. டிக்கெட் கிழிப்பவர், சோடா விற்பவர், எஞ்சின் பார்க்கும் சங்கையா, பெண்கள் பகுதியைக் கவனிக்கும் மாரியாத்தாள் என்று யாரும் தப்ப முடியாது. ஒரு நாள் முதலாளியையே பிடித்து வாசல் வரை ஓடவிட்டார். முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "நீங்கதான் கடசி," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். இடது புருவம் பாதிதான் இருக்கிறது. மீதியைப் படக்கருவியின் கார்பன் விளக்கு எப்போதோ பொசுக்கிவிட்டது. எத்தனையோ படம் ஓட்டியிருக்கிறார், ஒரு கதையும் தெரியாது. கேபின் ஓட்டை வழியாகத் திரையைப் பார்க்காமல் சனத்தைத்தான் பார்ப்பார். எங்கேயாவது பீடி நுனி சிவந்தால் படம் நின்றுவிடும். "மூணாவது பெஞ்சு, துண்டு போட்ட அண்ணாச்சி, அணைங்க. பொறவுதான் ஓட்டுவேன்."

இந்தப் பித்து போன வருஷம் பிடித்தது. ஓர் ஆட்டத்தில் கேபினிலிருந்து கொஞ்சம் புகை கிளம்ப, யாரோ "தீ" என்று கத்திவிட்டார்கள். எங்கள் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர் உண்டு. ஆண்கள் பெண்டாட்டி பிள்ளைகளைத் தேடி இந்தப் பக்கமிருந்து அதில் ஏறினார்கள். பெண்கள் புருஷன்மாரைத் தேடி அந்தப் பக்கமிருந்து ஏறினார்கள். இரண்டு வாசலும் ஆளில்லாமல் திறந்து கிடந்தன. மூன்று பேருக்குக் கால் முறிந்தது. "தீ கேபினத் தாண்டவே இல்ல. அம்புட்டு அடியும் சொவத்துல பட்ட அடி," என்று சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் இறங்கிவிடுகிறது.

அதிலிருந்து சனத்துக்கும் பாடம் வந்தது. விளக்கு அணையுமுன் திரைக்கு முன்னால் வந்து நிற்பார். "ஆம்பளைய வடக்கு வாசல். பொம்பளைய தெக்கு வாசல். யாரும் யாரையும் தேடப்பிடாது. வெளிய கெணத்தடியில பாத்துக்கிடுங்க." விசில் பறக்கும். "படத்தப் போடும்யா" என்பார்கள். மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் போவார். ஆபத்து மணி அடித்தால் சுவரோரம் போய் நின்று, தாண்ட வருகிறவர்களைத் தடுப்பது மாரியாத்தாளின் வேலை.

போன மாதம் ஆடிப்பூரத் தேர் பார்க்க வந்த கூட்டம் கொட்டகையை நிறைத்தது. வத்திராயிருப்பிலிருந்து வண்டி கட்டி வந்தவர்களே பாதிப் பேர். வேதமணியின் மனைவி ஏசம்மாளும் அன்று பெண்கள் பக்கத்தில் இருந்தாள், ஏழு மாதக் கர்ப்பிணி. யுத்தம் வந்தபின் புதுப் பிலிம் கிடைப்பதில்லை, ஒட்டுப்போட்ட பழசுதான். நாலாவது ரீல் ஒட்டில் அறுந்து பற்றிக்கொண்டது. கேபின் ஓட்டைகளின் இரும்புத் தகடுகளை இறக்கினார், வெளியே வந்து கதவைச் சாத்தினார், சங்கையாவை மணி அடிக்கச் சொன்னார். அதுவரை எல்லாம் பாடத்தின்படி. அப்புறம் நேரே பெண்கள் பக்கம் ஓடினார்.

படம் பார்க்க வந்திருந்த நான் பெஞ்சிலிருந்து எழுந்து வடக்கே நடந்துகொண்டிருந்தேன். எல்லா ஆண்களும் அப்படித்தான் நடந்தோம். சுவரை நோக்கி ஓடியவர் அவர் ஒருவர்தான். மாரியாத்தாள் அவர் நெஞ்சில் கை வைத்து நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, இங்கிட்டு ஆம்பளைக்குச் சோலி இல்ல."

"ஏட்டி, ஏசம்மா உள்ள இருக்கா."

"இருக்காக. வருவாக. நீங்க தாண்டினா அம்புட்டுப் பேரும் தாண்டுவாக."

அவர் திரும்பிப் பார்த்தார். வடக்கே போன ஆண்கள் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சுவரில் கை வைத்துவிட்டார்கள். வேதமணி வடக்கு வாசலுக்கு நடந்தார். அந்த நடையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவர் பின்னால் எல்லாரும் நடந்தோம். இரண்டு ரீல் சாம்பலானது. மனிதர்களில் ஒருவருக்கும் கீறல் இல்லை. கிணற்றடியில் ஏசம்மாள் அவர் கையைப் புரட்டிப் பார்த்து, "சுட்டுக்கிட்டியளா?" என்று மட்டும் கேட்டாள்.

கேபினைச் சரிசெய்து கொட்டகை மறுபடி திறந்த அன்று, பாடத்துக்கு எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். வேதமணி மாரியாத்தாளைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நீ நடத்து தாயி," என்றார். அவள் திகைத்து நிற்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில், சங்கையாவுக்குப் பின்னால் போய் நின்றார்.