கிறகோரி கட்டிய ரெஜிபோம் கோட்டை

சுவிசில் ஒரு தமிழ்க் கலியாணத்துக்குப் போய், மேடைச் சோடனையைப் பார்த்து நீங்கள் வாயைப் பிளந்திருந்தால், அது அநேகமாக இன்டர்லாக்கன் கிறகோரியின் கைவேலைதான். ஆள் யாழ்ப்பாணம் குருநகர். கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அகதியாக வந்து ஒரு ஹொட்டேலில் கோப்பை கழுவத் தொடங்கியவர். அங்கே விருந்துகளுக்கு ஐஸ்கட்டியில் அன்னம் செதுக்கிக்கொண்டிருந்த பழைய சமையல்காரருக்குக் கைநடுக்கம் வந்தபோது, “நான் ஒருக்கா வெட்டிப் பாக்கட்டோ” என்று கேட்டு உளியை வாங்கினார். வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவேயில்லை. ஆனால் ஐஸ் விருந்து முடியமுன் உருகிவிடும். அந்தக் கவலையில்தான், ரிவிப் பெட்டிக்குள் அணையாக வருகிற பாரமில்லாத வெள்ளை ரெஜிபோமில் அவருடைய கண் விழுந்தது. அது உருகாது.

சனி, ஞாயிறுகளில் சோடனை வேலை. அதில் அவருக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. மாப்பிள்ளை பகுதியின் ஊர் மேடையில் நிற்கவேண்டும். மன்னார் மாப்பிள்ளையா, மடுமாதா கோயில். நல்லூரா, கந்தசாமி கோயில் கோபுரம். மட்டக்களப்பா, கல்லடிப் பாலம். திரை விலகும்போது சம்பந்திமார் கண்கலங்குவார்கள். அந்தக் கண்ணீரைப் பார்க்கத்தான் கிறகோரி முதுகு முறிய வேலை செய்தார் என்று சொன்னாலும் பிழையில்லை.

அப்படிப்பட்ட மனிசனின் ஒரே மகள் மெலானி, பேர்ணில் தாதியாக வேலை செய்பவள், ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். பெயர் கெதின். வேல்ஸ் நாட்டில் கார்னார்வன் என்ற ஊராம். தகப்பன் இல்லை. தாய் நெரிஸ், பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற மனிசி. கிறகோரி முதலில் குதித்தார், பிறகு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தார், பிறகு மேடைக்கு என்ன கட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கினார். அதோடு கோபம் போய்விட்டது.

மாப்பிள்ளையின் ஊர்ப் பெயரை இன்ரநெற்றில் போட்டால் வந்து விழுவதெல்லாம் ஒரு கோட்டைதான். ஆற்றங்கரையில் பல மூலைக் கோபுரங்கள், சுவரில் கறுத்தக் கல்லால் வரி வரியாகப் பட்டி, உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் மூன்று குட்டிக் கோபுரங்கள். கிறகோரிக்கு மூச்சு முட்டியது. இப்படி ஒரு பெருமையை வைத்துக்கொண்டு இந்தப் பெடியன் வாயே திறக்கவில்லையே! வீட்டுக்குக் கீழேயிருந்த கெலர் அறையைப் பூட்டிக்கொண்டு, மாதக்கணக்காக வெட்டினார்.

“இஞ்சாருங்கோ, உந்தக் கோட்டையைப் பற்றிப் பெடியனிட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?” என்றாள் மனைவி பற்றிமா.

“கேட்டால் பிறகு என்ன புதினம் இருக்கு? பேசாமல் இரும்.”

கலியாணத்துக்கு நெரிஸ் வந்து இறங்கினார். கட்டையான உருவம், உரத்த சிரிப்பு. வந்த அன்றே பற்றிமாவோடு குசினிக்குள் நின்று வெங்காயம் உரித்தார். தாயும் மகனும் தங்களுக்குள் ஏதோ புரியாத பாஷையில் கதைத்தார்கள். “இங்கிலாந்துக்காரர் ஏனப்பா இங்கிலீசு கதைக்கினமில்லை?” என்று கிறகோரி மகளிடம் கேட்டார். “அப்பா, அவை இங்கிலாந்துக்காரர் இல்லை. எத்தினை தரம் சொல்லுறது?” என்றாள் மெலானி. கிறகோரிக்கு அது காதில் ஏறவில்லை. வெள்ளைக்காரரில் என்ன பெரிய வித்தியாசம் என்று விட்டுவிட்டார்.

காலையில் பூசை நன்றாக நடந்தது. பின்னேரம் பேர்ணுக்கு வெளியே ஒரு மண்டபத்தில் வரவேற்பு. வாசலில் ஆளுயரத்துக்கு மெலானியும் கெதினும் நிற்கிற படம் ஒன்றைத் தாங்கியில் வைத்திருந்தார்கள். போன வருஷம் எல்லாருமாக யாழ்ப்பாணத்துக்குப் போனபோது எடுத்தது. ஒரு பழைய கல்மதிலில் இருவரும் சாய்ந்து சிரிக்க, அந்திவெயில் மதிலில் தேன் மாதிரி வழிகிறது. அந்தப் படத்தைத் தெரிந்தெடுத்ததும் கிறகோரிதான். நெரிஸ் அதற்கு முன்னால் நின்று, வடிவு, வடிவு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிறகு திரை விலகியது.

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. பெடியள் விசிலடித்தார்கள். கார்னார்வன் கோட்டை கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது, கல்லு வரி பிசகாமல், சாளரத்துக்குச் சாளரம் விளக்கு எரிய. கோட்டை வாசலில் பொம்பிளைக்கும் மாப்பிள்ளைக்கும் சிம்மாசனம். கிறகோரி கோட்டையைப் பார்க்கவில்லை, சம்பந்தியின் கண்ணைத்தான் பார்த்தார்.

கண்ணீர் வரவில்லை. நெரிஸின் முகத்தில் இரத்தமே இல்லை. கையிலிருந்த பலகாரத் தட்டு சரிந்து, பயித்தம் பணியாரமெல்லாம் நிலத்தில் கொட்டுப்பட்டது. அவர் எழும்பினார், ஒருவரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். கெதின் அப்படியே சிலையாக நின்றான்.

ஐயோ, சனத்தின் வாயைக் கேட்கவேணுமா! “தாய்க்குக் கறுத்தப் பொம்பிளை பிடிக்கேல்லைப் போல” என்று ஒரு குரல் பின்வரிசையில் இருந்து வந்தது. அது கிறகோரியின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது. பிடிக்காவிட்டால் வெங்காயம் உரிக்கும்போதே சொல்லியிருக்கலாமே! சபையில் வைத்துப் பிள்ளையை அவமானப்படுத்துவதா? தாய் மேடையில் வந்து இருக்காவிட்டால் இந்தக் கலியாணம் ஊர் வாயில் கலியாணமாகவா இருக்கும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார். கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெலானி பின்னால் ஓடினாள்.

நெரிஸ் தூறலில் கோட்டும் இல்லாமல் நின்றார். கிறகோரி தெரிந்த நாலு இங்கிலீசையும் மறந்து டொச் பாஷையில் கத்தினார். நெரிஸ் திரும்பி மெதுவாக இங்கிலீசில் சொல்லத் தொடங்கினார். மெலானி இடையில் நின்று தமிழாக்கினாள்.

“அப்பா, கத்தாதேங்கோ. அவ சொல்லுறா, அந்தக் கோட்டை தங்கடை இல்லையாம். தங்களை அடக்கக் கட்டினதாம்.”

“என்ன விசர்க்கதை? அவவின்ரை ஊரிலைதானே நிக்குது?”

“எழுநூறு வருஷத்துக்கு முதல் இங்கிலாந்து அரசன் படையோடை வந்தவனாம். தங்கடை கடைசி இளவரசன்ரை தலையை வெட்டி லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சனம் பாக்க வைச்சவங்களாம். பிறகுதான் அந்தக் கோட்டை. மதிலுக்குள்ளை இங்கிலாந்திலையிருந்து கொண்டுவந்த ஆக்கள். தங்கடை ஆக்கள் வெளியிலை. இளவரசன் பட்டத்தையும் அந்த அரசன் தன்ரை மகனுக்குக் குடுத்திட்டானாம். அது இண்டைக்கும் அவையிட்டைத்தானாம்.” நெரிஸ் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். “அவவின்ரை பூட்டிக்கு, பள்ளிக்கூடத்திலை சொந்தப் பாஷை கதைச்சதுக்குக் கழுத்திலை பலகைத்துண்டு கட்டிவிட்டவங்களாம், அப்பா.”

நெரிஸ் இன்னும் ஒன்று சொன்னார். மெலானி தயங்கினாள்.

“சொல்லு பிள்ளை.”

“அதைக் கட்டின தலைமை மேசன் இந்தப் பக்கத்தாலை போனவனாம். இஞ்சை இவர்டோன் ஏரிக்கரைக் கோட்டையிலை வேலை செய்த ஆளாம். ‘அப்பவும் இஞ்சையிருந்து ஒருத்தர் வந்து கட்டித் தந்தார், இப்ப நீங்களும் கட்டித் தந்திட்டியள்’ எண்டுறா.”

கிறகோரிக்குத் தலையில் இடி விழுந்தது. எவ்வளவு பெரிய மடையன் நான்! கோயிலைக் கட்டிய அதே கையால், அதே அன்போடு, ஒரு மனிசியின் நெஞ்சில் ஏறி மிதித்திருக்கிறேனே. எத்தனையோ படம் பார்த்தேன், வரிக்கல்லை எல்லாம் எண்ணினேன், யார் கட்டினது, ஏன் கட்டினது என்று ஒரு தரமும் கேட்கவில்லையே!

“வெட்டி எறியிறன். வரச் சொல்லு பிள்ளை. இப்பவே அவவின்ரை கண்ணுக்கு முன்னாலை வெட்டி எறியிறன்.”

நெரிஸ் வந்தார். வாசலில் அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் நின்று, கோபம் ஆறிய முகத்தோடு, இந்த மதில் வடிவு, இது உங்கள் ஊர்த் தேவாலயமா என்று கேட்டார். நொந்த மனிசனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் கேட்டிருப்பார், பாவம்.

மெலானி அதைத் தமிழில் சொல்ல, கிறகோரி படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பவளக்கல் மதில். போர்த்துக்கேயன் தொடங்கி, ஒல்லாந்தன் இடித்துக் கட்டி, வெள்ளைக்காரன் இருந்து, பிறகு ஆமி இருந்த யாழ்ப்பாணக் கோட்டை. அதற்குள்ளிருந்து ஆமி அடித்த செல் குண்டுதான் குருநகர்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த அவருடைய அப்பாவின் மேல் விழுந்தது. அள்ளிக் கட்ட ஒரு சாக்குப் போதுமாக இருந்தது. இப்போது திருத்திக் கட்டியிருக்கிறார்கள், எல்லாரும் போய்ப் படம் எடுக்கிறார்கள், பின்னேர வெயில் நல்லது என்று படம்பிடிக்கிற பெடியன் சொன்னான். சொன்னதும் இவரே மகளைத் தோளில் பிடித்துத் தள்ளி நிறுத்தி, “மதிலிலை சாய்ஞ்சு சிரியுங்கோ” என்றார்.

அப்பாவைக் கொன்ற மதில். அதில் என் பிள்ளையைச் சாய்த்துச் சிரிக்க வைத்தேன்.

அவர் வாசல்படியில் குந்திவிட்டார். “உதுவும் ஒரு கோட்டைதான் எண்டு சொல்லு. அப்பப்பா எப்பிடிச் செத்தவர் எண்டும் சொல்லு” என்றார். மெலானிக்கே அந்த மதிலின் கதை அன்றுவரை தெரியாது. கோட்டை என்று தெரியும், செல் எங்கிருந்து வந்தது என்று தகப்பன் சொன்னதேயில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விம்மி விம்மிச் சொல்லி முடித்தாள்.

நெரிஸ் படத்துக்குக் கிட்டப் போனார். படத்தைத் தாங்கியிலிருந்து தானே தூக்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பிறகு கிறகோரியின் கையைப் பிடித்து எழுப்பினார்.

சபை பார்த்துக்கொண்டிருக்க இருவரும் மேடை ஏறினார்கள். கேக் வெட்ட வைத்திருந்த கத்தியைக் கிறகோரி எடுத்ததும் பற்றிமா, “ஐயோ மாதாவே, இவருக்கு விசராக்கிப்போட்டுது!” என்று அலறினாள். வீடியோக்காரன் ஜதுஷன் கமெராவைத் தாழ்த்திப் பிடித்தான். “அண்ணை, இதையும் எடுக்கவோ?”

“எடு.”

கிறகோரி வெட்ட, நெரிஸ் பிடித்து இழுத்தார். குட்டிக் கோபுரங்கள் வந்தன. ஒரு பக்க மதில் வந்தது. பெரிய கோபுரம் மட்டும் அசையவேயில்லை. சொந்தப் பிள்ளையின் கலியாணம், சரிந்து விழுந்து மானம் போகக்கூடாது என்று அதற்கு மட்டும் இரண்டு மடங்கு பசை பூசி, பின்னால் இரும்புக் குழாயும் கொடுத்திருந்தார். கெதினும் ஏறி வந்து தள்ளிப் பார்த்தான். கத்திதான் வளைந்தது.

மூன்று பேரும் மூச்சு வாங்க ஆளையாள் பார்த்தார்கள். பிறகு நெரிஸ் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளைத் துகள்களைத் தட்டிவிட்டு, கதிரையை இழுத்து, மகனுக்குப் பக்கத்தில் மேடையில் இருந்தார். கலியாணம் நடந்தது. எல்லாப் படத்திலும் பின்னால் அந்தக் கோபுரம் நிற்கிறது.