எண்ணாமல் விட்ட பாத்தி

2005, மார்ச் கடைசி. வடக்கே திரும்பும் பறவைகளைக் கணக்கெடுக்க மரக்காணம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். பள்ளி ஆசிரியை நான். விடுமுறை நாட்களில் இந்த வேலை. சுனாமி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஒரு பாத்தியில் கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு கரைப்பறவைகள் மொய்த்துக் கிடந்தன. பத்துப் பத்தாக எண்ணி அறுநூறைத் தாண்டியபோது, வரப்பில் உப்புக் கூடையோடு ஒரு பெண் வந்தாள். மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்துவிட்டது.

"கொஞ்சம் நின்னு வரக் கூடாதாம்மா?" என்று சிடுசிடுத்தேன்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். முப்பது வயதிருக்கும். "இன்னா எழுதுறீங்க?"

"பறவைங்க எத்தனைன்னு எண்ணுறேன்."

"எங்க குப்பத்துலயும் வந்து செத்தவங்கள எண்ணிட்டுப் போனாங்க. எங்க வூட்டுக்காரரு அதுல இல்லீங்க. அலை வந்த அன்னிக்கு வலை எடுக்கப் போனவரு. பொணம் கெடைக்கல. கெடைச்சாத்தான் லிஸ்ட்ல ஏத்துவாங்களாம்."

கண்ணில் பட்டதை மட்டும் எழுது என்பதுதான் எங்களுக்கும் விதி.

பறவைகள் திரும்பி வந்து இறங்கின. "வந்துருச்சிங்க, எண்ணுங்க," என்றாள். தொலைநோக்கியைத் தூக்கினேன்; நாற்பதுக்கு மேல் எண் ஓடவில்லை.

"தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்தீங்களா?"

"எனக்கு எழுதத் தெரியாதுங்க."

நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து அங்கேயே வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். அவள் கணவரின் வயது, அப்பா பெயர், அன்று போட்டிருந்த சட்டை. நீலம் என்றாள். சற்று யோசித்து, "இல்ல, பச்சை. நீலம் கொடியில காஞ்சிட்டிருந்துது," என்றாள். அந்தப் பாத்திக்கு நேரே எண் எதுவும் எழுதாமல்தான் அன்றைய பறவைக் கணக்குத் தாளைக் கணக்கெடுப்புக் குழுவிடம் கொடுத்தேன்.

அவளோடு நான்கு தடவை ஆபீசுக்குப் போனேன். சாட்சி கேட்டார்கள், ரேஷன் கார்டு கேட்டார்கள். மறு வருஷம் வெயில் ஏறும் காலத்தில்தான் அவர் இறந்துவிட்டதாகச் சான்றிதழ் வந்தது. வாங்கப் போகும்போதும் நான் கூட இருந்தேன்.

வாசலில் என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்திராதவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானே போயி எழுதி வாங்கிட்டேனேம்மா," என்றாள். "இனிமே எப்படிம்மா வருவாரு?"

பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது.