பிளாக் லாரிக்கு ஆயுத பூஜை

எங்கள் லாரிக்கு நாலு சக்கரமும் ஒரே அளவில் இருந்ததில்லை. லாரி வந்த வாரமே பின்சக்கரம் ஒன்று எங்கோ தொலைந்துபோனது. அதற்குப் பதிலாக அக்கா ஒரு மருந்து பாட்டில் மூடியை மாட்டினாள். அதனால் ஓடும்போது லாரி லேசாக நொண்டும். "நம்ப அப்பா மாதிரியே நடக்குது" என்று நான் சொன்னதற்கு அக்கா என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். அப்போது அவள் எட்டாவது, நான் ஐந்தாவது. சொன்னதைத் திரும்பப் பெறும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

எங்கள் ஊர் கரியமாணிக்கத்துக்கு அந்தப் பக்கம். அப்பா சொந்த டிராக்டரில் ஊர்க்காரர்களின் கரும்பை ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஒரு அரவைப் பருவத்தில், ஏரிக்கரை மேட்டுத் திருப்பத்தில், லோடோடு டிராக்டர் கவிழ்ந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு வலது காலில் பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக டிராக்டரை விற்றார். அதற்கப்புறம் அம்மாவின் ஸ்கூட்டரில்கூடப் பின்னால்தான் உட்கார்ந்தார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. வண்டி எப்படிக் கவிழ்ந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வீட்டுக்குள் டிராக்டர் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

அந்த பிளாக் லாரி வந்ததும் அந்த ஆஸ்பத்திரி நாட்களில்தான். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டேன் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். நான் கேட்டுக்கு வெளியே தரையில் உருண்டு அழுதேன். என் வாயை அடைக்க மாமா மதகடிப்பட்டில் ஒரு கடையிலிருந்து, துண்டு துண்டாக மாட்டிச் செய்கிற பிளாக் டப்பா ஒன்று வாங்கி வந்தார். மேலே லாரி படம் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து நானும் அக்காவும் ஒரு மத்தியானத்தில் அதை மாட்டி முடித்தோம். தள்ளினால் ஓடியது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யத் தெரியாத லாரி. எனக்கு ஆத்திரமாக வந்தது. "இது இன்னா லாரி? ஏத்தாது, எறக்காது, சும்மா போயி சும்மா வரும்!"

அன்றிலிருந்து அக்காவுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தேன். நான் முதலாளி, அவள் மெக்கானிக். ஒரே ஒரு சட்டம்தான். எதைச் சேர்த்தாலும் அது நிஜமாக வேலை செய்ய வேண்டும். அழகுக்கு ஒட்டிவைப்பதெல்லாம் என்னிடம் செல்லாது.

அப்பாவோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பை நிறையச் சாமான்கள் வந்திருந்தன. நர்சம்மா ஊசியைக் கழற்றிவிட்டுக் கொடுத்த வெறும் சிரிஞ்சுகள், ஒரு நீளமான டியூப். அக்கா இரண்டு சிரிஞ்சுகளை டியூபால் இணைத்து உள்ளே தண்ணீர் நிரப்பினாள். ஒன்றை இங்கே அழுத்தினால் இன்னொன்று அங்கே நீளும். அதை லாரியின் பின்தொட்டிக்கு அடியில் பொருத்தியதும் தொட்டி மெல்ல மேலே எழும்பியது. தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நான் அடம்பிடித்ததால் அதில் சொட்டு நீலம் கலந்தாள். அந்த நீலம் டியூபுக்குள் ஏறி ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. இப்போதும் எங்காவது ஜேசிபி பள்ளம் தோண்டினால் நான் வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன்.

அப்புறம் கிரேன் மாதிரி ஒரு தூக்கி செய்தோம். அம்மாவின் தையல் மெஷின் பாபினில் நூலைச் சுற்றி, நுனியில் ஹேர்பின்னை வளைத்துக் கொக்கி மாட்டி, குடைக்கம்பியால் கைப்பிடி வைத்தோம். கைப்பிடியைச் சுற்றினால் கொக்கி இறங்கும், ஏறும். தூக்குவதற்குச் சரக்கு வேண்டுமே. துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி விரல் நீளத்துக்கு வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டினோம். அதுதான் எங்கள் கரும்பு. துடைப்பம் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனது.

"பெருக்கினா குப்பை போவ மாட்டேங்குது, தொடப்பந்தான் போவுது. யார் பண்ற வேல இது?" என்று அம்மா கத்துவாள். நாங்கள் கரும்பை லாரிக்குப் பின்னால் தள்ளி மறைப்போம்.

இதெல்லாம் நடந்தது வாசல் தாழ்வாரத்தில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். அவருக்குக் காட்ட வேண்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்தோம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். எங்கள் பக்கம் திரும்ப மாட்டார். எனக்கு அழுகை அழுகையாக வரும். டிராக்டருக்கு ஸ்டார்ட்டர் சரியில்லை என்றால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுகிற மனிதர், பக்கத்தில் ஒரு தொட்டி தானாக எழும்புகிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொட்டி தூக்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. கரும்போடு தூக்கினால் எடை முழுக்கப் பின்னால் போய், முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். முன்னால் எடை வைக்க வேண்டும் என்று அக்கா கண்டுபிடித்தாள். கட்டிலுக்கடியில் டிராக்டரின் மிச்சமீதி நட்டுகள் கிடந்த தகர டப்பா இருந்தது. அதைத் தொடலாமா என்று பயந்துகொண்டே இழுத்தோம். தகரம் தரையில் கிறீச்சிட்டது. அப்பா திரும்பினார். அக்கா கையில் நட்டு, என் கையில் லாரி. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தார். லாரியின் மூக்குக்குள் நட்டை வைத்துத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தோம். முன்பக்கம் அப்போதும் லேசாக எழும்பி, டக்கென்று தரையில் தட்டியது.

"இன்னொண்ணு போடு" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே.

கவிழ்ந்த பிறகு ஒரு வண்டியைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது. நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், ஆயுத பூஜைக்கு எங்கள் லாரிக்கு அப்பாதான் சூடம் காட்ட வேண்டும் என்று. வருஷா வருஷம் டிராக்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுவார். இந்த வருஷம் அவர் ஓட்ட எங்கள் லாரியாவது இருக்கட்டும். ஓட்டிவிட்டால் பழைய அப்பா வந்துவிடுவார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

ஆனால் பூஜைக்கு முந்தின நாளே அப்பா சொல்லிவிட்டார். "இந்த வருசம் ஒண்ணும் வேணாம். உங்கம்மா வண்டிக்கி வேணா வச்சிக்கோங்க." மறுநாள் அம்மா விடியற்காலையில் தன் ஸ்கூட்டரைத் தானே கழுவி, கதம்பம் சுற்றி, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு சுண்டல் தாளிக்க உள்ளே போனாள். தெரு முழுக்க வண்டிகள், வாழைக்கன்று, பாட்டுச் சத்தம். நாங்கள் எங்கள் லாரியைக் குளியல் மக்கில் முக்கிக் கழுவினோம். மூக்கில் ஒரு சந்தனப் பொட்டு. அப்பா கட்டிலில்தான் இருந்தார். முகம் மட்டும் இந்த முறை வாசல் பக்கம்.

எலுமிச்சம்பழத்தில்தான் மாட்டிக்கொண்டோம். பழம் சக்கரத்தைவிடப் பெரிசு. முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தால் லாரி வானத்தைப் பார்த்து நின்றது. எதிர்வீட்டுப் பெரியப்பா தன் டிராக்டருக்கு மாலை போட்டுக்கொண்டே சிரித்தார். "இன்னாடி இது, லாரிக்கு எலுமிச்சம்பழமா, எலுமிச்சம்பழத்துக்கு லாரியா?"

"சுண்டக்கா வச்சிக்கலாம்டி. சக்கரத்துக்கு ஏத்த மாதிரி இருக்கும்" என்றாள் அக்கா.

"சுண்டக்கா வச்சா அது பொம்ம வண்டி ஆயிடும். எலுமிச்சம்பழந்தான்."

"அது பொம்ம வண்டிதான்டி."

அந்த வார்த்தைக்கு நான் அவளோடு சாயங்காலம்வரை பேசாமல் இருந்திருக்க வேண்டும். வேலை இருந்ததால் மன்னித்தேன். தோட்டத்து எலுமிச்சை மரத்தடியில் தேடி, கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு எடுத்துவந்தோம். முன்சக்கரத்துக்கடியில் வைத்துத் தள்ளினால் லாரி அதில் ஏறவே இல்லை, முட்டி முட்டி நின்றது. லோடு போதவில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பின்தொட்டியில் கரும்பை அடுக்கி, அதற்கு மேல் டப்பாவிலிருந்த நட்டுகளை அள்ளிப் போட்டேன். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேகமாக ஒரு தள்ளு தள்ளினேன்.

முன்சக்கரம் பிஞ்சின் மேல் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. மூக்கு மேலே, மேலே என்று போய், லாரி அப்படியே பின்பக்கமாக மல்லாந்தது. நட்டுகள் வாசலெங்கும் உருண்டன. ஈர்க்குச்சிக் கரும்பு சிதறிக் கிடந்தது. சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

அக்கா பதறிப்போய் அதை நிமிர்த்தக் கையை நீட்டினாள்.

"உடு. தொடாத" என்றார் அப்பா.

கட்டிலிலிருந்து இறங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, மடங்காத காலை நீட்டியபடி வாசல் தரையில் உட்கார்ந்தார். கவிழ்ந்து கிடந்த லாரியையே ரொம்ப நேரம் பார்த்தார். 

"இப்டித்தான் தூக்குச்சு" என்றார். "ஏரிக்கர மேட்டுல ஏறுறப்போ, முன்சக்கரம் ரெண்டும் மேல போயிடுச்சு. ஸ்டீரிங் கையில இருக்குது, வண்டி கையில இல்ல."

இத்தனை மாதமாக யாருக்கும் சொல்லாததை எங்களுக்குச் சொல்கிறார். எனக்கு அதெல்லாம் புரியவில்லை. புரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

"அப்போ லோட கொறச்சி ஏத்தியிருக்கலாம் இல்லப்பா?"

அக்கா என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் உயிர் போனது. அப்பா என்னைப் பார்த்தார். உதடு கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏத்தியிருக்கலாம்தான்மா" என்றார். "எல்லாரும் அவ்ளோதான் ஏத்துறான்னு நானும் ஏத்தினேன்."

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு எவ்வளவு நாளாக உள்ளே இருந்தது என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது. 

அப்புறம் லாரியைத் தானே நிமிர்த்தினார். பின்தொட்டியைக் காலி செய்து, நட்டுகளைப் பொறுக்கித் தரச்சொல்லி, ஒவ்வொன்றாக மூக்குக்குள்ளும் டிரைவர் சீட்டிலும் திணித்தார். கல் மாதிரி இருந்த பிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, "பழுத்ததா சின்னதா ஒண்ணு பாத்து எடுத்துட்டு வா" என்று அக்காவை அனுப்பினார். அவள் கொண்டுவந்த பழத்தை உள்ளங்கைக்கும் தரைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டித் தொளதொளவென்று ஆக்கினார். லாரிக்கு முன்னால் சூடம் ஏற்றிக் காட்டினார். பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். லாரியின் முதுகில் கையை வைத்தார். வைத்த கை நகரவில்லை. 

"தள்ளுப்பா" என்றேன் மெதுவாக.

அவர் தள்ளவில்லை. வாயைக் குவித்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். டுக்... டுக்டுக்... நின்றது. மறுபடியும் டுக்டுக்... நின்றது. மூன்றாம் தடவை டுடுடுடு என்று பிடித்துக்கொண்டது. அப்பாவின் டிராக்டர் காலையில் அப்படித்தான் கிளம்பும், இரண்டு முறை ஏமாற்றிவிட்டுத்தான் பிடிக்கும். அச்சு அசலாக அதே சத்தம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள், கையில் சுண்டல் கரண்டியோடு. நிலைப்படியில் நின்று பார்த்தாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கன்னத்தில் கண்ணீர் வழிய டுடுடுடு என்று சொல்லிக்கொண்டிருக்கிற புருஷன். திட்டுவாளோ என்று எனக்கு ஒரு நிமிஷம் பயமாக இருந்தது.

அம்மா கரண்டியை என் கையில் கொடுத்தாள். நேராகப் போய், லாரிக்கு முன்னால் நின்ற ஸ்கூட்டரை ஸ்டாண்ட் எடுத்து ஓரமாகத் தள்ளினாள். கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். தெருவில் இறங்கி நின்று, இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். டிராக்டர் வாசலை விட்டு இறங்கும் காலைகளில் எல்லாம் அவள் அப்படித்தான் நின்று குரல் கொடுப்பாள்.

"ஒண்ணும் வரல. நீ வா" என்றாள்.