நான்கு அங்குலம்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெரியின் கீழ்த்தளம். லாரிகளுக்கும் வேன்களுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கார் நிற்கிறது. அதற்கு மட்கார்டு இல்லை, பானெட் இல்லை. எஞ்சின் வெட்டவெளியில் கிடக்கிறது. கூரை, யாரோ உச்சியில் கைவைத்து அழுத்தியதைப் போலத் தாழ்ந்திருக்கிறது. எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் டிரெஸ்ஸர் அண்ணன். பக்கத்து இருக்கையில் நான். காரைச் சுற்றி ஒரு கூட்டம். மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் குனிந்து எஞ்சினைப் பார்த்துவிட்டு, “இந்தக் கார் சட்டையை எங்கே விட்டுவிட்டு வந்தது?” என்று மலாயில் கேட்டார். அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லாமல், “வெயில் ஜாஸ்தி, கழற்றிவிட்டது” என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்கு அன்று இருபத்து மூன்று வயது. அந்தச் சிரிப்பில் பாதி எனக்குச் சொந்தம் என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் டிரெஸ்ஸர். புண் கட்டுவது, ஊசி போடுவது, டாக்டர் வராத நாட்களில் பிரசவம் பார்ப்பதுகூட அவர் வேலைதான். வீடு பாகான் டாலாமில், எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் தினமும் ஃபெரி ஏறித் தீவுக்குப் போய், பாயான் பாரு பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்களைச் சேர்த்துவைத்தது கார்ப் பைத்தியம். அந்தப் பைத்தியத்தைத் தவிர எங்களுக்குள் பொதுவாக வேறு எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அந்தக் கார் முதலில் தோட்டத்து வெள்ளைக்கார துரையுடையது. போருக்கு முன்பு வந்த அமெரிக்கக் கார், இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். துரை ஊர் திரும்பியபோது அதைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போனார். கோழிகள் அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. துரையின் மனைவிக்கு நீண்ட நாள் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட நன்றிக்காக, துரை ஊரிலிருந்து எழுதிச் சொல்ல, அது அண்ணனுக்குக் கிடைத்தது. லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, கூரையைத் துணியால் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதை இப்போது எழுதும்போது கை தயங்குகிறது. “இத அப்படியே பழைய மாதிரி ஆக்கணும் தம்பி. புதுசா வாங்கி வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி.”

அதை வெட்டலாம் என்று சொன்னவன் நான்.

அப்போது பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியர்கள் இருந்தார்கள். அவர்கள் படித்துவிட்டுப் போடும் கார்ப் பத்திரிகைகள் பழைய புத்தகக் கடைக்கு வரும். அவற்றில்தான் ஹாட் ராட் என்ற பெயரையே நாங்கள் முதலில் பார்த்தோம். பழைய காரை எடுத்து, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்து, கூரையைத் தாழ்த்தி, பெரிய எஞ்சினை வைத்துச் சீறவிடுவது. பினாங்கில் ஏற்கெனவே நாலைந்து பேர் அப்படிச் செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைப் பக்கத்துக் கடற்கரைத் திடலில் அவர்கள் வந்து நிற்கும்போது, அந்தப் பக்கம் போகிற ஒருவர்கூட நிற்காமல் போகமாட்டார். எனக்கும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே நிற்க ஆசை. என்னிடம் கார் இல்லை, அவரிடம் இருந்தது. இரண்டு மாதம் பத்திரிகைகளைக் காட்டிக் காட்டி அவர் மனதைக் கரைத்தேன்.

மாக் மண்டினில் ஒரு சீனரின் பட்டறையில் வெட்டினோம். அண்ணன் மருத்துவமனையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டர் கொண்டுவந்திருந்தார். கூரையைத் தாங்கும் கம்பங்களில் எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே, புண்ணைச் சுற்றிக் கட்டுவதுபோலக் கோணல் இல்லாமல் அதை ஒட்டினார். அளந்தார், திரும்பவும் அளந்தார். “மூணு இஞ்ச் போதும் தம்பி” என்றார். “மூணு பத்தாது அண்ணே, நாலு வெட்டணும். அப்பதான் பார்க்கிறவன் வாயப் பொளப்பான்” என்றேன். அவர் பிளாஸ்டரை உரித்து ஓர் அங்குலம் தள்ளி ஒட்டினார். இடது பக்கக் கம்பங்களை அவர் அறுத்தார், வலது பக்கத்தை நான் அறுத்தேன். கூரை தனியாகக் கழன்று எங்கள் கைகளுக்கு வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கைதட்டினேன்.

மறுக்க முடியாது, அந்தக் கார் அழகாகத்தான் வந்தது. லாரி ஒன்றின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினோம். அடுத்த ஐந்தாறு வருடங்கள் அது எங்கள் ராஜ்யம். திடலில் பத்துப் பன்னிரண்டு ஹாட் ராட்கள் சேரும் நாளிலும் கூட்டம் முதலில் எங்களிடம்தான் வரும். என் கல்யாணத்துக்குப் பெண்ணையும் என்னையும் கோயிலிலிருந்து அதில்தான் அழைத்துப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இரண்டே இருக்கை என்பதால் நான் ஓட்ட, என் மனைவி பக்கத்தில் உட்கார, அண்ணன் பட்டு வேட்டியோடு கதவுக்கு வெளியே படியில் தொற்றிக்கொண்டு “மெதுவா, மெதுவா லா!” என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தார். எஞ்சின் சூட்டில் மாலைகள் கருகிப்போயின. அண்ணி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

எண்பதுகளில் எல்லாம் மாறியது. பாலம் வந்தது. ஜப்பான் கார்கள் மலிந்தன. வாலிபர்கள் அவற்றின் பின்புறத்தில் இறக்கை வைத்து, கண்ணாடியைக் கறுப்பாக்கி, பாட்டை அலறவிட்டுப் போனார்கள். ஹாட் ராட் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றார்கள், சிலர் இரும்புக் கடைக்கே தள்ளிவிட்டார்கள். நானும் தவணையில் ஒரு ஜப்பான் கார் வாங்கிக்கொண்டு பாயான் பாருவுக்குக் குடிபோனேன். அண்ணன் மட்டும் ஞாயிறுதோறும் திடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் சிக்னலில் என் காருக்கு முன்னால் அவர் கார் நின்றிருந்தது. பக்கத்துக் காரிலிருந்த பையன்கள் “பெசி புருக்! பெசி புருக்!” என்று கூவினார்கள். பழைய இரும்பு என்று அர்த்தம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஹார்ன் அடித்து அவரைக் கூப்பிட்டிருக்கலாம். அடிக்கவில்லை. பச்சை விளக்கு விழுந்ததும் வேறு தெருவில் திரும்பிவிட்டேன். அது சின்ன விஷயம்தான். ஆனால் பின்னால் செய்ததற்கு அது ஒத்திகை என்று இப்போது தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பழைய கார்களுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. ஆனால் இந்த முறை வந்தது வேறு வகையான மோகம். கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு திருகாணிகூட மாறியிருக்கக் கூடாது. டாக்டர்களும் வக்கீல்களும் அதில் இறங்கினார்கள். ஒரு சங்கம் உருவானது. தொழிற்சாலையில் நான் அதற்குள் மேலாளர் ஆகியிருந்தேன். பழைய கார்களைப் பற்றிப் பேசத் தெரியும், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும். என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். முதல் கண்காட்சிக்கு விதிகளை நானே தட்டச்சு செய்தேன். வெட்டப்பட்ட, மாற்றப்பட்ட கார்களுக்கு அனுமதி இல்லை என்பது மூன்றாவது விதி. அதை அடிக்கும்போது அண்ணனின் நினைவு வந்ததா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். வந்தது. வந்தும் அடித்தேன்.

கண்காட்சி அதே திடலில். காலை பத்து மணி வெயிலில் நானும் சங்கத் தலைவரும் நுழைவாயிலில் நின்றிருந்தோம். தலைவர் ஒரு வக்கீல், பெரிய குடும்பத்துக்காரர். அந்த எட்டு சிலிண்டர் சத்தம் தூரத்தில் கேட்டதுமே வருவது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் காரைப் பளபளவென்று துடைத்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. செய்தித்தாளில் என் பெயரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, “தம்பி, எங்க நிறுத்தட்டும்?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தலைவர் காரைச் சுற்றி வந்துவிட்டார். “ஐயோ, எவ்வளவு அருமையான காடி! எந்த மடையன் இதப் போய் வெட்டுனான்?” என்றவர், என் பக்கம் திரும்பி, “உங்களுக்குத் தெரிஞ்சவரா?” என்று கேட்டார்.

“பாகான் டாலாம்ல பார்த்திருக்கேன் சார்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “அந்தக் காலத்துல சில பேரு விவரம் தெரியாம இப்படி வெட்டிட்டாங்க.”

அண்ணன் என்னையே பார்த்தார். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நோயாளியின் முகத்தைப் பார்ப்பதுபோல, எங்கே வலிக்கிறது என்று தேடுவதுபோலப் பார்த்தார். பிறகு தலைவரிடம் மெதுவாக, “ஆமா சார். நமக்கு அப்ப விவரம் பத்தல” என்றார். நமக்கு என்ற அந்தச் சொல்லுக்குள் நானும் இருந்தேன். தலைவருக்கு அது புரியவில்லை. எனக்கு மட்டும் புரியும்படி அவர் சொன்னது அவ்வளவுதான். காரைப் பின்னால் எடுத்து, சாலைக்கு அப்பால் ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு, மதியம்வரை வெளியே நின்று மற்றவர்களின் கார்களைப் பார்த்துவிட்டுப் போனார். நான் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து மனம் பொறுக்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் உட்கார்ந்ததும் என் வாயிலிருந்து வந்தது யோசனை. “அண்ணே, திரும்ப ஒரிஜினலா ஆக்கிடலாம். கூரைய உயர்த்தி, மட்கார்டு தேடிப் போட்டா போதும். அடுத்த வருஷம் நானே முன் வரிசையில நிறுத்துறேன்.” அவர் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். “முடியுமா தம்பி?” என்றார். “முடியும் அண்ணே, ஞாயித்துக்கிழமையில நானும் வந்து செய்யறேன்” என்றேன். அந்த வேலை எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. என் கூச்சத்தை எப்படியாவது துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவர் என்னை நம்பினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நேரம். கம்பங்களை மறுபடி அறுத்து நான்கு அங்குல இரும்பை வைத்து ஒட்டினார். கூரை கோணிக்கொண்டது. திரும்ப அறுத்தார். கண்ணாடி உடைந்தது. வாங்கிய மட்கார்டுகள் வேறு ஆண்டுக் காருடையவை, பொருந்தவில்லை. லாரி எஞ்சின் இனி வேண்டாம் என்று கொடுத்துவிட்டார். காருக்கு உரிய எஞ்சின் எங்கேயும் கிடைக்கவில்லை. நான் போனது இரண்டு ஞாயிறுகள். பிறகு தொழிற்சாலையில் வேலை அதிகம் என்று போனில் சொன்னேன். “பரவாயில்ல தம்பி, நீங்க வேலையப் பாருங்க” என்றார். அதுவரை என்னை நீ என்றுதான் அழைத்தவர்.

கார் வாசலில் துண்டு துண்டாகக் கிடந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. தகடு ஒன்று பாதத்தைக் கிழித்த காயத்தைத் தானே கட்டிக்கொண்டார். ஊருக்கெல்லாம் புண் கட்டியவர் தன் புண்ணை அசட்டை செய்துவிட்டார் என்று எல்லோரும் பேசினார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அண்ணிதான் சொன்னார்: “அந்தக் காடி வேலையில பட்ட காயம்தான் தம்பி. வேணாம்னு சொன்னேன், கேக்கல. கண்காட்சியில நிறுத்தலாம்னு நீங்க சொன்னீங்களாம்.” அவர் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

தொண்ணூறுகளின் கடைசியில் மோகம் இன்னொரு முறை திரும்பியது. பழைய முறையில், கையால் வெட்டிச் செய்த ஹாட் ராட்களே உண்மையானவை என்று இளைஞர்கள் தேடத் தொடங்கினார்கள். கோலாலம்பூரிலிருந்து மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். கையில் பழைய புகைப்படம். திடலில் அந்தக் கறுப்புக் கார். கூரைமேல் கை போட்டுக்கொண்டு நான். “அங்கிள், இந்தக் காடி இப்ப எங்க இருக்கு?”

மறுக்க வழியில்லாமல் அழைத்துப் போனேன். அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தார். இளைஞர்கள் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கம்பங்களில் மூன்று முறை வெட்டி ஒட்டிய தழும்புகளைத் தடவிய ஒருவன் வருத்தத்தோடு, “ஏன் அங்கிள் திரும்ப வெட்டுனீங்க? அப்படியே விட்டிருந்தா நாட்டுலயே இது ஒண்ணுதான் லா” என்றான்.

அண்ணன் வாய் திறக்கவில்லை. எனக்காக இரண்டாம் முறையும் பழியை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்று தெரிந்தது. “நான்தான் சொன்னேன்” என்றேன். “முதல்ல வெட்டச் சொன்னதும் நான்தான். பிறகு மாத்தச் சொன்னதும் நான்தான். அவரா ரெண்டுல ஒண்ணையும் கேக்கல.”

அந்தப் பையன்கள் கையிலிருந்த தகடுகளைக் கீழே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் விடைபெற்றுக்கொண்டார்கள். அண்ணி கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் குவளையைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

“காடி போனா போகுது தம்பி” என்றார். “காலும் என் சர்க்கரைக்குப் போச்சு, அதுக்கு நீ பொறுப்பில்ல. இப்ப சொன்னியே, இத அன்னைக்கு அந்த வக்கீல்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்.”

பல வருடங்களுக்குப் பிறகு அவர் என்னை மறுபடி நீ என்றார். அது மன்னிப்பா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் போய்விட்டார். கதவுகளையும் முன்பக்கச் சட்டத்தையும் அந்த இளைஞர்கள் அண்ணியிடம் கேட்டு வாங்கிச் சென்றார்கள்.

நான் செயலாளர் பதவியை விட்டு வெகு காலமாகிறது. இப்போதும் திடலில் கண்காட்சி நடக்கிறது. தொழிற்சாலை மெருகு மாறாத கார்களும் வெட்டிய கார்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. மூன்றாவது விதியை எடுத்துவிட்டார்கள். எப்போது என்று யாருக்கும் நினைவில்லை. ஹாட் ராட் பக்கத்தில் நான் நின்றால் யாராவது, “அங்கிளும் அந்தக் காலத்துல வெச்சிருந்தீங்களா?” என்று கேட்பார்கள். “நானில்ல, எனக்குத் தெரிஞ்ச ஒரு டிரெஸ்ஸர் வெச்சிருந்தாரு” என்று தொடங்கி, நான் செய்ததையும் சேர்த்து முழுவதும் சொல்கிறேன். மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் கேட்கிறார்கள். பிறகு அடுத்த காருக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.